கடலைப் பார்த்து நிற்கிறவர்

அத்தியாயம் ஏழு

"நடந்து போற கேஸே எனக்கு ஆகாதுக்கா," என்றான் விசில். "இருபது வருஷம் பஸ்லயே நின்னவன் நான். கீழே சக்கரம் இல்லாட்டி என் கால் ஒரு முழம் நகராது."

துறைமுக வாசலில், நடைபாதை தொடங்கும் முதல் கம்பத்தடியில் நின்றிருந்தோம். காலை ஏழு மணி. கிரேன்கள் இன்னும் அசையத் தொடங்கவில்லை. கயிறு, டீசல், ஈரத் துரு மூன்றும் கலந்த ஒரு வாடை காற்றில் இருந்தது.

விசில் என் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளன். கண்டக்டராக இருந்தவன். பஸ் கம்பெனியை மூடியபோது நான் சேர்த்துக்கொண்டேன். ஏறினவர், இறங்கினவர், டிக்கெட் வாங்காமல் ஜன்னலைப் பார்த்தவர் என்று எல்லா முகமும் அவன் தலைக்குள் இருக்கும். வாய்க்கு மட்டும் நிறுத்தமே கிடையாது.

"வாயால நடந்திருந்தா இந்நேரம் ரெண்டு ஊரைத் தாண்டியிருப்ப," என்றேன்.

"அதுக்கு டிக்கெட் யாரு குடுப்பா? சரி, டப்பா பத்திரமா இருக்கா?"

என் தோள்பையில் இருந்தது. மூடியில் ரோஜாப் படம் தேய்ந்துபோன ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே முப்பத்தொரு அட்டைகள்.

மூன்று நாட்களுக்கு முன்னால் அந்த டப்பாவை என் மேஜையில் வைத்தவள், மெலிந்து, ஒரு வாக்கியத்துக்கு நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்கும் ஒரு தாய். பக்கத்து நாற்காலியின் விளிம்பில் அவள் கணவர், மனைவியின் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால்வாயில் படகுகளை ஏற்றி இறக்கும் மதகில் முப்பத்திரண்டு ஆண்டுகளாக வேலை. வாய் திறக்கவில்லை.

"இவர் பேசமாட்டாரும்மா," என்றாள் அவள். "தண்ணியோடயே இருந்து இருந்து, ஏத்தவும் இறக்கவும்தான் தெரியும்."

ஒரே மகன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் வீட்டை விட்டுப் போனான். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. வயது வந்தவன், தானாகப் போனவன், நாங்கள் என்ன செய்வது என்று போலீஸ் கையை விரித்துவிட்டது. ஆறு மாதம் கழித்து முதல் அட்டை வந்தது. அதன்பின் மாதம் தவறாமல். அவன் ஒவ்வொரு ஞாயிறும் விரும்பி நடந்த கால்வாய்ப் பாதையின் அட்டை. கையெழுத்து இல்லை, ஒரு வார்த்தை இல்லை. எட்டு முத்திரைகள் மட்டும்.

"வர்ற திங்கக்கிழமை என் நெஞ்சைத் திறக்கப் போறாங்க," என்றாள். "அதுக்கு முன்னால எனக்கு உண்மை தெரியணும்."

அவன் எங்கே என்று தெரியணும் என்று அவள் சொல்லவில்லை. உண்மை தெரியணும் என்றாள். அந்த வித்தியாசம் அப்போது என் காதில் விழவில்லை.

இன்றைக்கு வியாழன்.

கம்பத்தடியில் ஒரு இயந்திரம் இருந்தது. முகவரியைத் தட்டினால் அட்டை அச்சாகி வரும். மறுமுனையிலும் இதேபோல் ஒன்று உண்டு; எந்தப் பக்கத்திலிருந்தும் நடக்கலாம். வழியில் எட்டுப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் முத்திரை, ஒரு மைத்தட்டு. எட்டையும் குத்தி முடித்து, கடைசிக் கம்பத்தில் உள்ள துவாரத்தில் அட்டையைப் போட்டால், தட்டிய முகவரிக்குத் தபாலில் போய்ச் சேரும். நடந்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை.

விசில் எங்கள் அலுவலக முகவரியைத் தட்டினான். "எத்தனை பேர் நடக்கிறீங்கன்னு கேக்குதுக்கா."

"ரெண்டு போடு."

"அதுல ஒண்ணு பாதி வழியில விழுந்துடும்னு போட இடம் இல்லையே."

அட்டை வெளியே வந்தது. மேலே தேதி. நடுவில் இரண்டு வரிசையாக எட்டுக் கட்டங்கள். ஒரு வரிசைக்கு மேல் 'இடது கரை', இன்னொன்றுக்கு மேல் 'வலது கரை'. மூலையில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி, 'நடப்போர்: 2'. முகவரி பின்பக்கம்.

நடந்தோம். கடல் முதுகுக்குப் பின்னால் போயிற்று. கால்வாய் நேராக நிலத்துக்குள் ஓடியது. பாதை சிறிது தூரம் ஒரு கரையில் போகும், நடைபாலத்தில் ஏறி மறு கரைக்குத் தாவும், மறுபடியும் திரும்பும். மூன்றாவது பெட்டி எங்கள் இடது கைப்பக்கம் இருந்தது. கொக்கு முத்திரை. விசில் அதை 'இடது கரை' வரிசையில் குத்தினான்.

"இப்ப டப்பாவைத் திற," என்றேன்.

நான் மூன்று நாட்களாகப் பார்த்துக்கொண்டிருந்ததை அவனும் பார்த்தான். மகனின் அட்டைகளில் கொக்கு வலது வரிசையில் இருந்தது. அதற்கு முன் நாங்கள் குத்திய கிரேனும் பாலமும் அப்படியே இடம் மாறித்தான் இருந்தன. முப்பது அட்டைகளில் அப்படி. ஒன்றே ஒன்று மட்டும் எங்களுடையதைப் போல.

"அந்த ஒண்ணு?" என்றேன்.

"யானைக்கும் அடி சறுக்கும்க்கா. பாருங்க, அதுல முத்திரை கூட கோணல்மாணலா விழுந்திருக்கு, மையைக் கொட்டியிருக்கான். ஏதோ அசந்திருக்கான். முப்பதைப் பாருங்க, விஷயம் சிம்பிள். அவன் தலைகீழா நடக்கிறான். மதகுப் பக்கம் ஆரம்பிச்சு துறைமுகத்துல முடிக்கிறான். அப்ப நம்ம இடது அவனுக்கு வலது. ஆள் உள்நாட்டுப் பக்கம் எங்கயோதான் குடியிருக்கான். கேஸ் முடிஞ்சுது. பஸ் பிடிக்கலாமா?"

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் முன்பு பத்து ஆண்டுகள் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்திருக்கிறேன். வீட்டில் ஒருவரை இழந்தவர்கள் எழுதிய கடிதங்களைப் படித்து, எது மெய், எது பொய் என்று பிரிக்கும் மேஜை. துக்கத்தில் எழுதியது வரி கோணி, அடித்தல் திருத்தலோடு வரும். பொய் மட்டும்தான் நேர்க்கோட்டில் வரும். இந்த முப்பது அட்டைகளிலும் முத்திரைகள் அளவுகோல் வைத்தாற்போல் இருந்தன. மூன்று நாட்களாக அந்த நேர்த்திதான் என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

நான்காவது பெட்டியைத் திறந்ததும் விசில் கையை உதறினான். "ஐயோ, இது என்ன, பச்சை?"

நண்டு முத்திரை. மற்ற பெட்டிகளில் எல்லாம் நீல மை. இதில் மட்டும் பச்சை. அதுவும் தட்டு நிரம்பித் தளும்பியது. எதிரே வலைக்கயிறு சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் சிரித்தாள். "இந்தப் பாதை போட்ட நாள்லேருந்து அது பச்சைதான். ஏன்னு கமிட்டிக்கே தெரியாது. நடக்கிறவங்க எல்லாம் பச்சைக் கட்டைவிரலோடதான் மதகுக்குப் போய்ச் சேருவாங்க."

விசில் விரலைப் பார்த்தான். அட்டையைப் பார்த்தான். அப்புறம் அவன் முகத்தில் அந்தப் பழைய கண்டக்டர் பார்வை வந்தது, பின்படியில் ஒருவன் டிக்கெட் இல்லாமல் நிற்கிறான் என்று தெரிந்துவிட்ட பார்வை.

"டப்பாவைக் குடுங்க."

நாங்கள் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் அட்டைகளைப் பரப்பினோம். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. இந்தக் கட்டங்களின் ஓரத்தில் லேசான பச்சைக் கறை. ஒன்று, இரண்டு, மூன்று சுத்தம். முப்பத்தொரு அட்டையிலும் அப்படியே.

"மதகுலேருந்து வந்திருந்தா, கறை கொக்குலயும் கிரேன்லயும்ல இருக்கணும்," என்றான் மெதுவாக. "துறைமுகத்துலேருந்துதான் நடந்திருக்கான். நம்மள மாதிரியே. அப்புறம் எதுக்கு இடதை வலதுங்கிறான்? பயலுக்கு எந்தக் கையில சாப்பிடறதுன்னே தெரியாதா?"

"தெரியாதவன் ஒரு தடவை சரியா குத்துவான், ஒரு தடவை தப்பா குத்துவான். முப்பது தடவை ஒரே மாதிரி பண்ணினா அதுக்குப் பேரு தப்பு இல்ல. பழக்கம்."

"என்ன பழக்கம்?"

எனக்கும் தெரியவில்லை. ஏழு கிலோமீட்டர் தூரத்துக்கு அதையேதான் யோசித்துக்கொண்டு நடந்தேன்.

மதகு ஒரு சிறிய இடம். இரண்டு பெரிய கதவுகள், நடுவில் ஒரு தொட்டிபோல் அடைபட்ட தண்ணீர். படகு உள்ளே வரும், பின்கதவு மூடும், தண்ணீரை ஏற்றுவார்கள், முன்கதவு திறக்கும். கரையோரம் மதகுக்காரரின் வீடு. பச்சை பெயின்ட் அடித்த ஒரு கதவு, ஒரு ஜன்னல், துணி காயும் கொடி. பாதை வீட்டைப் பின்னால் சுற்றி வந்து, மதகுக்கு உள்நாட்டுப் பக்கம் எட்டாவது கம்பத்தில் முடிந்தது. கம்பத்துக்கும் அந்த வீட்டுக் கதவுக்கும் நடுவே நாற்பது அடி இருந்தால் அதிகம்.

மதகுக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டி, மதகுக் கதவின் பெரிய இரும்புச் சக்கரத்தில் கைவைத்து, கடலைப் பார்த்து நின்றிருந்தார்.

விசில் முத்திரையை எடுத்து 'டக்' என்று குத்தினான். அவர் திரும்பவில்லை.

"ஐயா, நாங்கதான்," என்றேன்.

திரும்பினார். என்னைப் பார்த்ததும் கண் ஒரு கணம் வீட்டுக் கதவுக்குப் போய் வந்தது. "நீங்களா. மன்னிச்சுக்கங்கம்மா. பின்னால நாள் முழுக்க இந்த டக் டக் சத்தம்தான். திரும்பிப் பாக்க ஆரம்பிச்சா வேலை ஆகாது. படகு வர்றது அந்தப் பக்கம்தானே."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு படகு வந்தது. மணல் ஏற்றியது. படகுக்காரர் கயிற்றைத் தூக்கிக் காட்டி, எங்கே கட்டுவது என்று கேட்டார்.

"இடது கரையில கட்டுப்பா," என்று கத்தினார் மதகுக்காரர். அவர் கை நீண்ட பக்கத்தைப் பார்த்தேன்.

கடலிலிருந்து நடந்து வந்த எனக்கு அது வலது கரை.

படகுக்காரர் ஒரு கேள்வி கேட்காமல் அங்கேயே கட்டினார். விசில் என் முழங்கையைத் தொட்டான். அவனும் பார்த்துவிட்டான்.

"அது எப்படிங்கய்யா இடது?" என்றேன். "நாங்க நடந்து வந்தப்போ எங்களுக்கு வலது கைப்பக்கம்ல இருந்துச்சு."

"நடக்கிறவங்க அவங்கவங்க கையைப் பாத்துச் சொல்லுவாங்க," என்றார் அவர். வேலையைப் பற்றிக் கேட்டதில் முகம் லேசாக மலர்ந்தது. "மதகுல அப்படிச் சொன்னா படகு ஒண்ணுமேல ஒண்ணு மோதும். தண்ணி போற திசையைப் பாத்துத்தான் நாங்க இடது வலது சொல்லுவோம். கடலைப் பாத்து நின்னு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் எனக்கு..."

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

சில சமயம் ஒரு மனிதர் பிடிபடும் கணம் எந்தச் சத்தமும் இல்லாமல் வரும். அவர் கண் என் தோள்பையில் துருத்திக்கொண்டிருந்த டப்பாவில் விழுந்தது. சக்கரத்திலிருந்து கையை எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

"உங்க முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். என் அலுவலகப் படியில் அவர் ஒவ்வொரு காலாக ஏறியது நினைவில் இருந்தது. "மாசாமாசம் பதினோரு கிலோமீட்டர்."

குனிந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"அவ சாப்பிடறதையே விட்டுட்டாம்மா," என்றார். "ஆறு மாசம். தட்டு வெச்ச இடத்துலயே இருக்கும். இந்தக் கம்பத்துல எவனோ மறந்துட்டுப் போன ஒரு அட்டையைப் பாத்தேன். பய ஞாயித்துக்கிழமை நடப்பான், அதான் தோணுச்சு. மொதல் அட்டை வந்த அன்னைக்கு அவ கொஞ்சம் சாப்பிட்டா. அப்புறம் எப்படி நிறுத்தறது, சொல்லுங்க. நிறுத்தினா அவன் செத்துட்டான்னு ஆயிடும்."

"அம்மாகிட்ட சொல்லணும்."

"திங்கக்கிழமை ஆபரேஷன்," என்றார். "உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். அது முடியட்டும்."

விசில் முத்திரையைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தான்.

அப்போது பச்சைக் கதவு திறந்தது. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வந்தவங்களை வெயில்லயே நிக்க வெச்சுப் பேசுவாங்களா? உள்ள கூட்டிட்டு வாங்க," என்றாள்.

அடுப்படிக்குள்தான் உட்கார்ந்தோம். நான்கு பேருக்கு அந்த வீட்டில் அதுதான் பெரிய இடம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய பை ஏற்கெனவே கட்டி மூலையில் வைத்திருந்தது. அவள் டீ ஊற்றினாள். கணவருக்கு மட்டும் ஆற்றிக் கொடுத்தாள். நான் டப்பாவை மேஜையில் வைத்தேன். எந்த வார்த்தையிலிருந்து தொடங்குவது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"சிரமப்படாதீங்கம்மா," என்றாள் அவள். "இவர் குத்தினதுதான்னு எனக்கு மொதல் அட்டையிலயே தெரியும்."

அவர் கையில் டம்ளர் அப்படியே நின்றது.

"முப்பத்திரண்டு வருஷமா இவருக்குப் பொண்டாட்டியா இருக்கேன். இடது பக்கம் கொடி கட்டிருக்கேன்னு இவர் சொன்னா, நான் வலது பக்கம் போய்த் துணி காயப்போடுவேன். கொக்கு எந்தக் கரையில நிக்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சாப்பிட்ட?" என்றார் அவர். மனைவியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"கால் வீங்கி வந்து உட்கார்ந்திருந்தீங்க. சாப்பிடாம எப்படி இருக்கிறது?"

விசில் தன் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் என்னிடம் திரும்பினாள். "அவன் போன அன்னைக்கு இவர் என்னமோ சொல்லியிருக்கார். நான் கடைக்குப் போயிருந்தேன். என்ன சொன்னீங்கன்னு நூறு தடவை கேட்டுட்டேன். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. அந்த ஒரு வார்த்தையைச் சொல்றதுக்குப் பதிலா இந்த மனுஷன் மாசம் பதினோரு கிலோமீட்டர் நடக்கிறார். அந்த முழங்காலோட." மூச்சு வாங்கினாள். "நான் திங்கக்கிழமை போறேன். திரும்பி வருவேனோ என்னமோ. வராமப் போயிட்டா அது இவருக்குள்ளயே கிடந்து அழுகிடும். வெளியாள் ஒருத்தர் வந்து கதவைத் தட்டினா திறப்பார்னு தோணுச்சு. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

காணாமல் போனவர்களைத் தேடத்தான் என்னிடம் வருகிறார்கள் என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். பாதிப் பேர் தங்கள் வீட்டுக்குள் இருக்கும் ஒருவரைத் தேடித்தான் வருகிறார்கள். என் கணவர் என்னோடு பதினோரு ஆண்டுகள் இருந்தார், சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமலே. அவர் போன பிறகுதான் அது என்னவென்று மற்றவர்கள் வாயால் தெரிந்தது. ஒரு துப்பறிகிறவளை வைத்துக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மதகுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார், ஈரமே இல்லாத கையை.

"அவனுக்கு ஒரு பொண்ணு பழக்கம்," என்றார். மனைவியைப் பார்க்காமல், ஜன்னல் வழியாகத் தெரிந்த தண்ணீரைப் பார்த்து. "புருஷன் செத்தவ. ஒரு குழந்தை வேற. கட்டிக்கப் போறேன்னான். என் காலத்துல அது நடக்காதுன்னேன். அவளையும் அவ பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வர்றதா இருந்தா இந்த வாசப்படி மிதிக்காதேன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"கத்தலை. நாங்க மூணு பேருப்பா, மூணு பேராத்தான் வருவோம்னான். ஒரு சீட்டுல போன் நம்பர் எழுதி என் கையில குடுத்தான். மனசு மாறினா கூப்பிடுப்பான்னான். மதகுக் கதவு திறந்திருந்த நேரம். அவன் எதிரேயே போட்டிருந்தாக்கூட தேவலை. அவன் போனதும் தண்ணியில போட்டேன்."

அடுப்படியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் எழுந்துபோய் அதை இறுக்கி மூடினாள். திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை. திட்டவும் இல்லை.

"இவ்வளவுதானா?" என்றாள். "இதுக்கா மூணு வருஷம்?"

எங்கள் வேலை முடிந்துவிட்டது. மகனைப் பற்றி ஒரு துப்பும் இல்லை. முப்பது மாதமாக வந்த அத்தனை செய்தியும் இந்த வீட்டிலிருந்தே புறப்பட்டவை. நான் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினேன். சும்மா விடைபெற முடியாமல், "முப்பத்தொண்ணும் இருக்கும்மா, எண்ணிப் பாத்துக்கங்க," என்றேன்.

"முப்பது," என்றார் மதகுக்காரர்.

"என்னது?"

"மாசத்துக்கு ஒண்ணு. முப்பது மாசம். ஒண்ணு கூடவும் இல்ல, குறையவும் இல்ல. படகு எண்ணி எண்ணி எனக்கு எண்ணிக்கை தப்பாது."

"ஒரு மாசம் ரெண்டு அனுப்பினீங்களே," என்றாள் மனைவி. "நான் ஆஸ்பத்திரியில எட்டு நாள் கிடந்தப்போ. பாவம், நான் பயந்துடக் கூடாதுன்னு கூட ஒண்ணு போட்டிருக்கார்னு நினைச்சேன். பாக்கக்கூட இல்ல. டப்பாவுல போட்டுட்டேன்."

"நீ ஆஸ்பத்திரியில இருந்தப்போ நான் எங்க நடந்தேன்? பகல்ல மதகு, பொழுது சாஞ்சா உன் கட்டில். அந்த மாச அட்டை அதுக்கு முன்னாலயே போயாச்சு."

விசில் எனக்கு முன்னால் டப்பாவைத் திறந்துவிட்டான். அவன் விரல் தேடாமலே அந்த ஒன்றிடம் போயிற்று. கொக்கு இடது வரிசையில் நிற்கும் அட்டை. காலையில் யானைக்கு அடி சறுக்கியது என்று நாங்கள் ஒதுக்கிய அட்டை. பொய்யைத் தேடிப் போனதால் நேர்த்தியானதை மட்டுமே உற்றுப் பார்த்திருந்தேன். கோணலாக வந்ததை நான் படிக்கவே இல்லை. என் பத்து வருட மேஜைக்கு அவமானம்.

மேஜையில் வைத்து, பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தேன். முத்திரைகள் சாய்ந்து, இரண்டு இரண்டாக விழுந்திருந்தன, எட்டாத உயரத்துக்கு எக்கி நின்று குத்தியது போல. எட்டாவது கட்டத்தில், மதகுக் கதவுப் படத்துக்கு மேல், நான் கறை என்று நினைத்த பச்சை. அது கறை இல்லை. ரேகை. சுழி சுழியாக, தெளிவாக, ஒரு கட்டைவிரல். என் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை.

மூலையில் எறும்பு எழுத்து.

"நீங்களே படிங்கம்மா," என்று அவள் கையில் கண்ணாடியைக் கொடுத்தேன்.

அவள் அந்த மூலைக்கு மேல் அதைப் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் கண்ணாடியைக் கணவரிடம் நீட்டினாள். அவர் குனிய, அவளே அதை அட்டைக்கு மேல் பிடித்துக்கொண்டாள்.

"நடப்போர்," என்று படித்தார் அவர். "மூணு."

"ரெண்டு முழு டிக்கெட்," என்றான் விசில், யாரையும் பார்க்காமல். "ஒரு அரை டிக்கெட்."

தேதியைப் பார்த்தேன். பதினான்கு மாதங்களுக்கு முன்னால். அவள் ஆஸ்பத்திரியில் இருந்த வாரம். பச்சைக் கதவு பூட்டியிருந்திருக்கும்.

மதகுக்காரர் சுவரோரம் அடுக்கியிருந்த பதிவேடுகளில் ஒன்றை இழுத்தார். அந்தத் தேதியைத் திருப்பினார். அவர் கையெழுத்தில் வரிசையாகப் படகுகள், நேரங்கள்.

"பதினோரு படகு," என்றார். "அன்னைக்கு நான் இங்கதான் இருந்தேன். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும்."

எட்டாவது கம்பம் அவர் நிற்கும் இடத்துக்குப் பத்தடி பின்னால். மூன்று பேர் வந்து நின்றிருக்கிறார்கள். பூட்டிய கதவைப் பார்த்திருக்கிறார்கள். அப்பாவின் முதுகைப் பார்த்திருக்கிறார்கள். குழந்தையைத் தூக்கிப் பிடித்திருப்பான், முத்திரை எட்டுவதற்கு. 'டக்' என்று சத்தம் கேட்டிருக்கும். அவர் திரும்பியிருந்தால் வாசப்படி மிதித்திருப்பான். திரும்பவில்லை. சரி, நம்பர்தான் அப்பாவிடம் இருக்கிறதே, அட்டையைப் பார்த்தால் கூப்பிடுவார் என்று துவாரத்தில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அப்புறம் பதினான்கு மாதம் போனைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பான்.

அவன் அனுப்பிய ஒரே ஒரு நிஜம், அவர் அனுப்பிய முப்பது அன்புக்கு அடியில் கிடந்திருக்கிறது.

"உயிரோட இருக்கான்," என்றாள் அவள். அந்தச் சின்னப் பச்சை ரேகையின் பக்கத்தில் தன் கட்டைவிரலை வைத்தாள். அதன்மேல் படாமல், பக்கத்தில். "பொண்ணா, பையனாம்மா? இதுல தெரியுமா?"

"தெரியாதும்மா."

"சரி." மூச்சு வாங்கினாள். "திங்கக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு. நீங்க இப்ப நிஜமாவே தேட ஆரம்பிங்க. நானும் நிஜமாவே திரும்பி வர்றேன்."

விசில் எழுந்தான். "துறைமுகம் வரைக்கும் திரும்பியும் நடக்கணும்க்கா," என்றான். "வழியில ஒவ்வொரு கடையிலயும் கேப்போம். குழந்தையோட வந்தவங்க எங்கயாவது உட்கார்ந்திருப்பாங்க. தண்ணி வாங்கியிருப்பாங்க. அந்த வலைக்காரம்மா பச்சை விரலைப் பாத்துச் சிரிச்சிருப்பாங்க." கால் வலியைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

நாங்கள் வெளியே வந்தபோது மதகுக்காரர் முன்பே வெளியே இருந்தார். தொட்டிக்கு அப்பால், துறைமுகப் பக்கமிருந்து ஒரு படகு வந்து நின்று ஊதியது. ஒரு தடவை. இரண்டு தடவை.

அவர் தன் வழக்கமான இடத்தில்தான் நின்றிருந்தார், சக்கரத்துக்குப் பக்கத்தில். ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டி. கைகள் இரண்டும் சும்மா தொங்கின. யாரோ இரண்டு பேர், கணவனும் மனைவியும் போல, களைத்துப்போய் எட்டாவது கம்பத்துக்கு வந்து முத்திரையைக் குத்தினார்கள். டக். அவர் அந்த இரண்டு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர்களுக்குப் பின்னால் பாதையில் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

படகு மூன்றாவது தடவை ஊதியது.

"ஏங்க, படகு நிக்குது," என்றாள் அவள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு.

"நிக்கட்டும்," என்றார்.